ஓடை சிவந்தால் யார் சொல்வது?

மழை வலுத்தால் என் அம்மா முதலில் பார்ப்பது லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஓடுகிற ஓடையைத்தான். தண்ணீர் கலங்கிச் சிவப்பாக வந்தால் ஒரு கணக்கு. மழை கொட்டும்போதே தண்ணீர் திடீரென்று குறைந்தால் இன்னொரு கணக்கு: மேலே எங்கோ மண் அடைத்து நிற்கிறது. முப்பது வருஷம் இந்த மூணாறு மலையில் கொழுந்து எடுத்தவர். 99ஆம் வருஷ (கொல்லம் ஆண்டு 1099) வெள்ளத்தில், அதாவது 1924இல், தேயிலை ஏற்றிப்போன குண்டளை ரயிலே அடித்துப்போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்.

2018 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்" என்றார். தோட்ட ஆபீஸிலிருந்து தகவல் வரட்டும் என்று பதில் வந்தது. எங்கள் நல்ல நேரம், மலை அன்று தாங்கிக்கொண்டது.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தாங்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு. கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. லயங்கள் மண்ணுக்குள் போனது வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். 70 உயிர். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டக் குடும்பங்கள்.

காலநிலை மாற்றத்துக்குத் தலைமை வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். சரி, யாருடைய தலைமை? கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு மையம் வயநாடு முழுக்க மழைமானிகள் வைத்திருக்கிறது. அங்கங்கே இருக்கிற சாதாரண ஆட்கள்தான் தினமும் அளந்து சொல்கிறார்கள். 2024 ஜூலை 29 காலையிலேயே நிலச்சரிவு வரலாம் என்று அந்த மையம் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. 30ஆம் தேதி விடிவதற்குள் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போய்விட்டன. அளந்தவர்களுக்குச் சொல்ல மட்டும்தான் முடிந்தது. ஊரைக் கிளப்பும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. என் ஆத்திரமெல்லாம் இதில்தான்.

தோட்டத்துப் பெண்களால் என்ன முடியும் என்று யாரும் கேட்க வேண்டாம். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று மூணாறு ரோட்டில் போராட உட்கார்ந்தவர்கள், தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. ஒன்பது நாள் கழித்து, கம்பெனியை 20 சதவீத போனஸுக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழைமானி. அதைப் பார்க்க, அங்கேயே குடியிருக்கும் ஒரு அக்கா. பள்ளிக்கூடச் சாவி அவர் கையில். அவர் கிளம்பு என்றால் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும். அப்புறம், முக்கியமாக, ஒரு ராத்திரி கணக்குத் தப்பி எல்லோரையும் வீணாக எழுப்பிவிட்டாலும், அவர் கூலியில் யாரும் கை வைக்கக் கூடாது.

அடுத்த கிராம சபையில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.