போனே போதும் என்கிறவர்களுக்கு

கொரோனாவுக்கு முன்னால், மாதம் இரண்டு சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன ஹாலில் கூடுவோம். பைபோலார் (மனசு அளவு மீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகிற நோய்), சிசோஃப்ரீனியா, தீராத மனச்சோர்வு என்று ஏதோ ஒரு மனநோயோடு வாழ்கிற பத்துப் பதினைந்து பேர். டாக்டர், கவுன்சிலர் யாரும் கிடையாது. நானும் பைபோலாருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்தான். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்ல முடியும், அவ்வளவுதான் எங்கள் தகுதி. ஒரு வார்த்தை பேசாமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களையும் நாங்கள் கணக்கில் சேர்ப்போம்.

2020 மார்ச் 24 ராத்திரியோடு எல்லாம் நின்றது. மே மாதம் பிறந்தபோது தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி மட்டும்தான் தொற்று இல்லாத பச்சை மண்டலம். எங்கள் ஆட்களுக்கோ அதற்கு முன்பே மனசு திணற ஆரம்பித்துவிட்டது. பாதிப் பேர் பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் பார்ப்பவர்கள். அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்ட வழியில்லை. டாக்டர் போனில் பார்த்து மருந்து எழுதலாம் என்று மார்ச் 25-ஆம் தேதியே மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைக் காட்டினால் கடைக்காரர் தரவேண்டுமே!

தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவனை வாராவாரம் கூப்பிடுவேன்.

"மாத்திரை போடுறியாப்பா?"

"போடுறேங்க்கா."

செப்டம்பரில் பஸ் ஓட ஆரம்பித்ததும் நேரில் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்டினான். உள்ளே பிளேடால் பாதிபாதியாக வெட்டிய மாத்திரைகள், அடியில் வெள்ளைப் பொடி. தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் ஐந்து மாதமாகப் பாதிதான் போட்டிருக்கிறான். நகமெல்லாம் ரத்தம் வரக் கடித்திருந்தான். ஹாலில் எதிரே உட்கார்ந்திருந்தால் அந்த விரல்கள் என் கண்ணில் பட்டிருக்கும். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதற்காகப் போனைப் பழிக்க மாட்டேன். வீட்டைவிட்டு வரவே முடியாத பெண்கள் அதன் வழியாகத்தான் எங்களுக்குக் கிடைத்தார்கள். பர்கூர் பக்கத்து அக்கா ஒருவர் மாட்டுக் கொட்டகையில் நின்று பேசுவார். யாராவது வந்தால் "தீவனம் வாங்கியாச்சு" என்பார். நான் உடனே வைத்துவிடுவேன்.

ஆனால் ராத்திரி ஒரு மணிக்கும் போன் வரும். பைபோலார் உள்ளவளுக்குத் தூக்கம் கெட்டால் எல்லாம் கெட்டது. மூன்றாவது மாதம் நான் படபடவென்று பேச ஆரம்பித்ததைத் தோழிதான் கவனித்து, என் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் ஒன்பது மணிக்கு மேல் எடுப்பதில்லை, அவசரம் என்றால் அரசு மருத்துவ உதவி எண் 104 என்று முடிவு செய்தோம்.

இப்போது யாரிடம் உதவி கேட்டாலும், "போன்லயே நடந்துச்சே, ஹால் வாடகை எதுக்கு?" என்கிறார்கள். 2022-இல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் வந்தது, எண் 14416. நல்ல விஷயம், நானே எல்லோருக்கும் கொடுக்கிறேன். ராத்திரி போனை எடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்களை நேரில் உட்கார விடுங்கள். சேவை என்று கைதட்டிவிட்டுப் போகாமல், மாவட்ட மனநலத் திட்டத்தில் சம்பளத்தோடு எங்களுக்கு இடம் கொடுங்கள். பெண்களுக்கு 2021-லிருந்து டவுன் பஸ் இலவசம். ஆண்களுக்கும் வந்துபோகக் காசு கொடுங்கள்.

போன மாதம் பர்கூர் அக்கா முதல்முறையாக ஹாலுக்கு வந்தார். வாசலில் தயங்கி நின்றவர், நான் "வாங்கக்கா" என்றதும் குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு டீ குடித்தார்.