93% பாடி லாங்குவேஜ்னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க

"பேசுற வார்த்தைக்கு 7%தான் மதிப்பு, குரலுக்கு 38, பாடி லாங்குவேஜுக்கு 55, ரெண்டும் சேர்ந்து 93, அதனால இன்டர்வியூல ஆள் உட்கார்ற விதத்தை வச்சே முடிவு பண்ணுங்க"ன்னு எச்ஆர் குரூப்புகள்ல ஒரு மெசேஜ் சுத்துது. நம்பர் நிஜம்தான், அர்த்தம்தான் தப்பு.

அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல வெளியிட்ட ரெண்டு ஆய்வுல இருந்து வந்த கணக்கு இது, அதுல ஒண்ணுல 'மேபி'ங்கிற ஒத்த வார்த்தையை வேற வேற டோன்ல ரெக்கார்ட் பண்ணி, கூடவே முக போட்டோவும் காட்டி, பேசுறவங்களுக்கு எதிராளியைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு கேட்டாங்க, அவ்ளோதான், உட்கார்ற விதமெல்லாம் அதுல கிடையாது, அந்த 55 கூட முகத்துக்குத்தான். சம்பளம் எவ்வளவுன்னு கண்ணாலயே சொல்லிட முடியுமா என்ன?

விருப்பு வெறுப்பைப் பத்திப் பேசுறப்ப மட்டும்தான் இது பொருந்தும்னு மெஹ்ராபியனே தன் வெப்சைட்ல எழுதியிருக்கார், தேடிப் பாருங்க. இனிமே அந்த மெசேஜ் வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க ப்ளீஸ்.