வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் முளைத்ததல்ல

“2021க்கு முன் வன்னியில் வணிகம், கணினி படிக்க ஒரு இடமும் இருக்கவில்லை” என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர்ப்பலகை மாறிய வருசத்தைத் தொடங்கிய வருசமாக எடுத்துவிட்டார் போல.

வன்னியில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானது, அது சரி. ஆனால் வேர் 1991இல் வந்த வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. பட்டமல்ல, வேலையைக் குறிவைத்த டிப்ளோமாக்கள்தான் அங்கே. இளைஞர் அமைதியின்மையை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் 1990 அறிக்கைக்குப் பிறகு மாகாணங்களில் இப்படிக் கல்லூரிகள் திறந்தார்கள். சப்ரகமுவ, ரஜரட்ட பல்கலைக்கழகங்களின் பூர்வீகமும் இதேதான்.

1997 ஏப்ரல் 1 முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். வியாபாரக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம் என்று இரண்டு பீடங்கள். சண்டைக் காலம் முழுக்க அங்கே வகுப்பு நடந்தது. அந்தப் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் என்று நினைப்பவர்களும் உண்டு, பாவம்.

2021இல் உண்மையிலேயே புதிதாக வந்தது தொழில்நுட்பக் கற்கைகள் பீடம். அதைச் சொல்லியிருந்தால் நானும் லைக் போட்டிருப்பேன்.