சாயம் ஒட்டினால் மட்டும் போதாது

செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பற்றிய உங்கள் கட்டுரை, ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் மூலக்கூறு) செல்லில் ஒட்டும், லேசர் பட்டால் நிறம் காட்டும், இயந்திரம் பிரித்துவிடும் என்று முடிகிறது. சரி, ஆனால் தலைவலியே அதற்கு அப்புறம்தான். பெங்களூரில் இந்த வேலை பார்ப்பதால் சொல்கிறேன். 488 நானோமீட்டர் லேசரில் எஃப்ஐடிசி என்ற சாயம் பச்சையாகவும் பிஇ என்ற சாயம் ஆரஞ்சாகவும் ஒளிரும். ஆனால் அந்தப் பச்சையில் ஒரு பங்கு பிஇ-யின் ஒளியை அளக்கும் டிடெக்டரிலும் விழும். சிடி4, சிடி8 இரண்டும் டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுவின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்; சிடி4-க்கு எஃப்ஐடிசியும் சிடி8-க்கு பிஇ-யும் போட்டிருந்து அதைக் கழிக்காவிட்டால், சிடி4 மட்டும் உள்ள டி செல், சிடி8-உம் உள்ளதுபோலத் தெரியும். கழிப்பதற்குத்தான் ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியே போட்ட கன்ட்ரோல் டியூப்கள். கோவை, மதுரையிலிருந்து வந்து சேரும் நம் பிள்ளைகள் அவசரத்தில் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான். செத்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் கண்டபடி பிடித்துக்கொள்ளும்; அவற்றை ஒதுக்கத் தனிச் சாயம் வேண்டும்.

இயந்திரம் செல்களைப் பிரிக்கும் விதமும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. செல்லைச் சுமக்கும் துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்தகடுகளுக்கு நடுவே விழவிட்டால் அது விலகி வேறு குழாயில் சேரும். 1965-ல் அமெரிக்க ஆய்வாளர் மேக் ஃபுல்வைலர் செல்லின் பருமனை வைத்து இப்படிப் பிரித்தார். ஒளிர்வை வைத்துப் பிரிக்கும்படி அதை வளர்த்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹெர்சன்பெர்க் குழு. அடுத்த பகுதியில் கன்ட்ரோல்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள், சார்.