2,414 விதிகளை எழுதவைத்த ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை

வத்திக்கானைத் தனி நாடாக்கிய லாத்தரன் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று எடுத்த படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 1929 பிப்ரவரி 11, ரோம். அந்தப் படத்தில் நம் கண் முதலில் முசோலினியிடம்தான் போகும், பிறகு அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் குட்டையாக, கனத்த உடம்போடு ஒரு வயதான கர்தினால் இருப்பாரே, அவரை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் ‘சர்வாதிகாரியோடு கைகுலுக்கியவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பியெத்ரோ கஸ்பாரி. என்னைக் கேட்டால், அந்த மனிதர் செய்த பெரிய காரியம் அந்த ஒப்பந்தமே இல்லை. அதற்கு 12 வருஷம் முன்னால், 1917இல், ஐரோப்பாவே போரில் எரிந்துகொண்டிருந்தபோது வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப் புத்தகம்தான். அதைப் பாராட்டவும் செய்கிறேன், அதன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. இரண்டையும் எழுதிவிடுகிறேன், பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1852இல், மத்திய இத்தாலியில் சிபில்லினி மலையடிவாரத்து உசித்தா என்ற ஊரில். ஆடு வளர்க்கும் குடும்பம். 1877இல் குருவானார், மூன்றே வருஷத்தில் பாரீஸ் கத்தோலிக்க நிறுவனத்துக்குத் திருச்சபைச் சட்டம் கற்பிக்கப் போய்விட்டார். அங்கே 18 வருஷம். ரோமின் அரண்மனை வட்டாரத்தில் வளைய வந்து மேலே ஏறியவர் இல்லை, வகுப்பறையில் பாடம் நடத்தி மேலே வந்தவர் என்பதை மனதில் வையுங்கள். 1891இல் திருமணச் சட்டம் பற்றி அவர் எழுதிய லத்தீன் நூல்தான் அவருடைய பெயரை எல்லா ஊருக்கும் கொண்டுபோனது. ஒரு திருமணம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதை இழை இழையாகப் பிரித்துப் பார்ப்பவர். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

இடையில் ஒரு சம்பவம். ஆங்கிலிக்கன் சபைக் (இங்கிலாந்துத் திருச்சபை) குருக்களின் திருப்பட்டம், அதாவது அவர்களைக் குருவாக்கும் சடங்கு, செல்லுமா என்று ஆராயத் திருத்தந்தை 13ஆம் லியோ 1896இல் ஒரு குழு போட்டார், கஸ்பாரியும் அதில் ஒருவர். ‘சந்தேகத்துக்கு உரியது, ஆனால் அடியோடு செல்லாது என்று சொல்ல முடியாது’ என்பது அவர் நிலை. திருத்தந்தையோ முற்றிலும் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டார். கஸ்பாரி முறுக்கிக்கொள்ளவில்லை. 1898இல் பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளுக்குத் திருத்தந்தையின் பிரதிநிதியாகக் கப்பலேறினார். தோற்ற வழக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்த கோப்பைத் திறக்கிற வக்கீல் மனசு. இந்த மனசு நல்லதா என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை, கீழே பார்ப்போம்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். 1917க்கு முன் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், ஒரு அறையைத் திறந்து காட்டத்தான் முடியும். 1140 வாக்கில் கிராசியன் என்ற சட்ட அறிஞர் தொகுத்தது, 1234இல் திருத்தந்தை 9ஆம் கிரகோரி வெளியிட்டது, அதற்குப் பிறகு வந்த தொகுப்புகள், 16ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் ஆணைகள், நூற்றுக்கணக்கான திருத்தந்தையரின் மடல்கள், ரோமின் ஒவ்வொரு பேராயமும் (நிர்வாகத் துறை) ஒவ்வொரு கேள்விக்குச் சொன்ன பதில்கள். எது இன்னும் நடப்பில் இருக்கிறது, எது செத்துப்போனது, எது எதோடு முரண்படுகிறது என்று சொல்வதற்கே ஒரு நிபுணர் வேண்டும். பங்கு எனப்படும் ஓர் ஊர்த் திருச்சபையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சாதாரணப் பங்குக் குரு என்ன செய்வார்?

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ஊருக்குத் தெரியாமல் இருவர் சம்மதம் சொல்லிக்கொண்டாலே அது திருமணம்தான் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. ஒருவன் பிறகு ‘நான் கட்டவே இல்லை’ என்று கையை விரித்தால் அந்தப் பெண் கதி அதோகதி. அதைத் தடுக்க 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத திருமணம் செல்லாது என்றது. கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதையும் கட்டாயமாக்கியது. நல்லது. ஆனால் ஒரு கொக்கி வைத்தார்கள்: எந்தப் பங்கில் இந்த ஆணையை முறைப்படி அறிவிக்கிறார்களோ, அங்கே அறிவித்து 30 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். பல நாடுகளில் அறிவிக்கவே இல்லை. விளைவு, ஒரே மாதிரி செய்த கல்யாணம் ஒரு பங்கில் செல்லும், எல்லை தாண்டி அடுத்த பங்கில் செல்லாது! இந்தக் கூத்து 300 வருஷத்துக்கு மேல் நடந்தது. 1907இல் ஒரு புது ஆணை வந்துதான் ஓரளவு ஒழுங்கானது. நம் நிஜ வாழ்க்கையை, நம் பிள்ளைகள் முறையான பிள்ளைகளா என்பதை, எந்த ஊரில் எந்த ஆணை அறிவிக்கப்பட்டது என்று தேடித் தீர்மானிக்கும் சட்டம். இதைக் குப்பை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

1904இல் 10ஆம் பயஸ் இதையெல்லாம் ஒரே தொகுப்பாக்கச் சொன்னார், வேலையைத் தூக்கிச் சுமந்தவர் கஸ்பாரி. உலகம் முழுக்க ஆயர்களிடம் கருத்துக் கேட்டார்கள், சட்ட அறிஞர்களைப் பிரித்துப் பிரித்து வரைவு எழுதவைத்தார்கள், வரைவு திரும்பத் திரும்ப அடித்து எழுதப்பட்டது, எல்லாம் ரகசியக் கட்டுக்குள். நடுவில் 1907இல் கர்தினால் ஆனார், 1914இல் திருப்பீடச் செயலரும் (வத்திக்கானின் பிரதமர் மாதிரி) ஆனார். அந்த வேலையோடு இதையும் விடாமல் இழுத்தார். 1917 மே 27, பெந்தகோஸ்து நாளில் 15ஆம் பெனடிக்ட் அதை வெளியிட்டார். 5 பாகம், 2,414 விதிகள். எண் போட்ட சின்னச் சின்ன விதிகள், காரணம் விளக்கும் பிரசங்கம் எதுவும் கிடையாது. நெப்போலியன் சட்டம் ஆளும் நாட்டில் 18 வருஷம் பாடம் நடத்தியவரின் கைவாகு அதில் தெரிகிறது. பழைய சட்ட அறிஞர்கள் சிலர் முகம் சுளித்ததும் இதற்காகத்தான்.

1081ஆம் விதியை மட்டும் பாருங்கள். திருமணத்தை உண்டாக்குவது இருவருடைய சம்மதம்தான், அந்தச் சம்மதத்துக்கு எந்த மனித அதிகாரமும் ஈடாகாது என்கிறது. அப்பா சொன்னார், குரு சொன்னார், அரசன் சொன்னான், எதுவும் செல்லாது. 1983இல் முழுப் புத்தகத்தையும் மாற்றி 1,752 விதிகளாகச் சுருக்கினார்களே, அதிலும் இந்த வரி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இப்படி ஒரு வரியை ஏட்டில் ஏற்றியதற்காகவே அந்தக் கிழவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். (இதே புத்தகம்தான் பெண்கள் கோவிலில் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் விதி போட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.)

கோபம் எங்கே வருகிறது? 329ஆம் விதியில். ஆயர்களைத் திருத்தந்தை தம் விருப்பப்படி நியமிக்கிறார் என்று ஒரு சின்ன வாக்கியம். இன்று நமக்கு இது ‘அது அப்படித்தானே’ என்று தோன்றும். தோன்றுவதே கஸ்பாரியின் வெற்றி. அதற்கு முன் வரலாறு அப்படி இல்லை. சில இடங்களில் பேராலயக் குருக்கள் குழு தேர்ந்தெடுத்தது, சில இடங்களில் அரசர்கள் பெயர் கொடுத்தார்கள், பழங்காலத்தில் மக்களே கூவித் தேர்ந்தெடுத்ததும் உண்டு. அரசர்கள் கையிலிருந்து பிடுங்கியது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடுங்கியதை உள்ளூர்த் திருச்சபையிடம் கொடுக்காமல் மொத்தமாக ரோமுக்குக் கொண்டுபோனார்கள். சங்கம் கூட்டவில்லை, போராட்டம் இல்லை, ஒரு துணைப்பிரிவு, அவ்வளவே. வரைவு எழுதுகிறவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை.

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு தெளிவாக எழுதிய புத்தகம் லத்தீனில் மட்டும்தான். மொழிபெயர்க்க ரோமின் அனுமதி வேண்டும். ஆங்கிலத்தில் முழு மொழிபெயர்ப்பு வந்தது 2001இல், அந்தச் சட்டம் காலாவதியாகி 18 வருஷம் கழித்து!

அப்புறம் 1929. 1870இல் இத்தாலிய அரசு ரோமைப் பிடித்ததிலிருந்து திருத்தந்தையர் வத்திக்கானுக்குள் ‘கைதிகள்’. 1922இல் வந்த 11ஆம் பயஸ், முந்தியவரின் செயலரையே தம் செயலராக வைத்துக்கொண்டார். கஸ்பாரி இந்த முடிச்சை அவிழ்த்தார். திருச்சபைக்குக் கிடைத்தது 44 ஹெக்டேர் நாடு, 75 கோடி லிரா ரொக்கம், 100 கோடி லிராவுக்கு அரசுக் கடன்பத்திரம். கேட்டால் ‘திருச்சபையின் சுதந்திரத்துக்காக’ என்பார்கள். சரி, சுதந்திரம் யாருக்குக் கிடைத்தது என்றும் கேளுங்கள். லூயிஜி ஸ்துர்சோ என்ற குரு 1919இல் மக்கள் கட்சி ஆரம்பித்தார், முசோலினியை எதிர்த்தார். வத்திக்கான் அழுத்தம் கொடுத்தது, 1923இல் கட்சிச் செயலர் பதவியை விட்டார், அடுத்த வருஷம் லண்டனுக்குப் போய்விட்டார். அப்போது திருப்பீடச் செயலர் யார்? இவர்தான். தோற்ற வழக்கை மூட்டை கட்டுகிற மனசு என்று மேலே எழுதினேனே, அங்கே மூட்டையில் கட்டப்பட்டது ஒரு மனிதர்.

ஒப்பந்தத்தோடு கூடவே, இத்தாலியில் அரசும் திருச்சபையும் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு உடன்படிக்கையும் உண்டு, அதன் 34ஆம் பிரிவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய பேராசிரியர் திரும்பி வந்துவிட்டார்! அதுவரை இத்தாலியில் கோவில் கல்யாணத்துக்கு அரசுச் சட்டத்தில் மதிப்பில்லை, ஜோடிகள் இரண்டு தரம் கட்டவேண்டும். இனிமேல் கோவிலில் கட்டினால் அரசும் ஏற்கும், ஆனால் அந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பதைத் திருச்சபை நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். 1891இல் பாரீஸ் வகுப்பில் சொன்னது 1917இல் திருச்சபைச் சட்டமானது, 1929இல் ஒரு நாட்டின் குடும்ப வாழ்க்கைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. போர் முடிந்து புதுக் குடியரசு வந்து, 1948 அரசியல் சாசனத்தின் 7ஆம் பிரிவிலும் இந்த ஒப்பந்தங்கள் ஏறின, கம்யூனிஸ்ட் தலைவர் தோக்லியாத்தியின் கட்சியே ஆதரித்து வாக்களித்தது. விவாகரத்துச் சட்டம் வர 1970 டிசம்பர் ஆனது. அதை ரத்து செய்யச் சொல்லி 1974இல் நடந்த வாக்கெடுப்பில் இத்தாலியர்கள் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் முடியாது என்றார்கள்.

1930இல் பதவியை விட்டார். அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பச்செல்லி, 1901இல் கஸ்பாரியே வத்திக்கான் வேலைக்கு இழுத்து வந்த பையன், பின்னாளில் 12ஆம் பயஸ். கிழவர் ஓய்வெடுத்தாரா என்றால், சட்டத் தொகுப்புக்கு மூலமான ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டுக்கொண்டிருந்தார்.

1934 நவம்பரில் ரோமில் ஒரு சர்வதேசச் சட்ட மாநாடு. ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத்துக்கு 1,400 வருஷம், 9ஆம் கிரகோரியின் தொகுப்புக்கு 700 வருஷம் நிறைந்ததைக் கொண்டாடினார்கள். 82 வயதில் கஸ்பாரி அங்கே வந்து பேசினார். முசோலினி பற்றியோ, வத்திக்கான் நாட்டைப் பற்றியோ அல்ல. அந்தப் புத்தகத்தை எப்படித் தொகுத்தோம் என்பதுதான் பேச்சு. அதே மாதம் 18ஆம் தேதி இறந்துபோனார்.