வெப்பத்தடுப்பைத் தளத்துக்கு மேலே போடுங்கள், கீழே வேண்டாம்

வீட்டு வெப்பத்தடுப்பு பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, மொட்டை மாடி வெப்பத்தைத் தடுக்க, சீலிங்கின் அடியில் தெர்மகோல் ஒட்டச் சொல்கிறது. அறை சற்றுக் குளிரும் என்பது சரிதான். ஆனால் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, இரவில் சுருங்கி, வருடக்கணக்கில் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். எக்ஸ்பிஎஸ் (XPS) பலகையை, அதாவது தெர்மகோலைவிட அடர்த்தியான நுரைப் பலகையை, தளத்தின் மேல், நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேலே பரப்பி, அதன்மேல் கான்கிரீட்டும் தட்டோடும் போட்டால் தளமே சூடேறாது. ஓர் அங்குலப் பலகை தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க ஏறத்தாழ நான்கு அடி கனம் வேண்டும்! பலகையைத் திறந்து மட்டும் வைக்காதீர்கள். வெயில் பட்டால் பொடிந்துபோகும்.

ஈரத்தடுப்பாகச் சுவருக்கு உள்பக்கம் பாலித்தீன் தாள் ஒட்டும் அந்தக் கட்டுரையின் யோசனைதான் எனக்குப் பெரிய உறுத்தல். அது பனி கொட்டும் நாடுகளின் வழக்கம். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. சென்னையிலோ கடற்காற்றின் ஈரம் ஏசி அறையை நோக்கி உள்ளே வருகிறது. 22 டிகிரியில் ஏசி ஓடும் அறையில், அந்தத் தாளின் பின்புறம் வியர்த்து, சுவர் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தடுப்பு இங்கே வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

தீப்பிடிக்கும் அபாயம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தெர்மகோலும் எக்ஸ்பிஎஸ்ஸும் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்தான்; அது எளிதில் எரிந்து கரும்புகை கக்கும். அறைக்குள் ஒட்டியே தீருவேன் என்பவர்கள் ஜிப்சம் பலகையாவது போட்டு மூடட்டும். எறும்பும் கரையானும் இந்த நுரைப் பலகைகளில் துளைபோட்டுக் குடியேறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.