ஜோஹ்ரா சேகல் 'பாட்டி வயதில்' நடிக்க வந்தவர் இல்லை

'உயிரே' படத்தில் ஷாருக்கானின் பாட்டியாக வந்த ஜோஹ்ரா சேகல் படத்தைப் போட்டு, "எண்பது வயதுக்கு மேல் முதன்முதலாக நடிக்க வந்தவர், வயது ஒரு தடையே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தப்பு.

1912-ல் பிறந்தவர், ஜெர்மனியில் நடனம் படித்துவிட்டு 1935-லேயே நடனக் கலைஞர் உதயசங்கரின் குழுவில் சேர்ந்து நாடு நாடாக ஆடினார். அப்புறம் 1945-ல் இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவான பிருத்வி தியேட்டர்ஸ். அங்கே சுமார் 14 வருடம், ஊர் ஊராக ரயிலில் போய் நாடகம் போட்ட குழு அது, சொகுசு வேலை இல்லை. முதல் படங்களும் 1946-லேயே வந்துவிட்டன, அதில் 'நீச்சா நகர்' பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசு வாங்கிய படங்களில் ஒன்று. 1951-ல் வந்த 'பாஸி' படத்துக்கு நடனம் அமைத்ததும் இவர்தான்.

அறுபதுகளில் லண்டன் போய், 1984-ல் 'தி ஜுவல் இன் தி கிரவுன்' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில் நடித்தார். தொண்ணூறுகளில் இந்தியா திரும்பிய பிறகு வந்த பாட்டி வேடங்களைத்தான் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், குழப்பமும் அங்கேதான். சரி, 'உயிரே' வந்த 1998-ல் அவருக்கு 86 வயது என்பது மட்டும் உண்மை, ஆனால் அதற்குள் மேடையேறி அறுபது வருடம் தாண்டியிருந்தது.